டெஸ்க்டொப் கணினிக்கு ரேம் கூட்டுவதும் சோடி சேர்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேம், அதாவது ஓடும் வேலைகளைக் கணினி வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், வாங்கப் போகிறவர்களில் அதிகமானோர் "8 ஜிபி என்ன விலை?" என்று கேட்டபடியே கடைக்குள் நுழைகிறார்கள். எல்லாப் பாகங்களும் பொருத்தப்படும் பலகையான மதர்போர்ட்டின் பெயர் தெரியாமல் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எந்தக் கடைக்காரராலும் முடியாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இவை டெஸ்க்டொப்புக்கு மட்டும்.

கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. ரேம் கூட்டினால் வேகமாகுமா?

சில வேளை ஆகும். சில வேளை காசு போவதுதான் மிச்சம். எது என்று பார்க்கச் சில நிமிடம் போதும். நீங்கள் அன்றாடம் திறந்து வைக்கும் எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள்: குரோமில் வழக்கமான டாப்கள், வேர்ட், ஸூம், வட்ஸ்அப். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரி, டிஸ்க் இரண்டையும் பாருங்கள்.

மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. இடம் முட்டும்போது விண்டோஸ் அப்போதைக்குத் தேவைப்படாதவற்றை ரேமிலிருந்து எடுத்து டிஸ்கில் எழுதி வைக்கும். நீங்கள் அந்த டாபுக்குத் திரும்பும்போது மறுபடி வாசித்தெடுக்கும். ரேமின் வேகத்துக்குக் கிட்டவும் டிஸ்க் வராது. அந்த இழுபறியைத்தான் நீங்கள் "மெதுவாகிவிட்டது" என்கிறீர்கள்.

மெமரி 50, 60 இல் இருக்க, டிஸ்க் மட்டும் 100 இல் முட்டிக்கொண்டு நின்றால் காரணம் பழைய ஹார்ட் டிஸ்க். 8 ஜிபி ஏற்கெனவே இருந்து, விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்கில் ஓடினால், இன்னொரு 8 ஜிபிக்கு வைத்திருக்கும் காசில் முதலில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். ரேம் விற்க நிற்கிற கடையில் இதை உங்களுக்கு யாரும் சொல்லாமல் விடலாம். அதனால்தான் இதை முதல் கேள்வியாக வைத்தேன்.

எவ்வளவு ரேம் போதும்?

விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. அதில் விண்டோஸ் திறக்கும்; வேலை நடக்காது. ஏ.எல். படிக்கும் பிள்ளைக்கு, சாதாரண அலுவலக வேலைக்கு 8 ஜிபி. நான்கைந்து வருடம் திரும்பிப் பார்க்காமல் பாவிக்க விரும்பினால் 16. கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், பெரிய ஃபோட்டோஷொப் ஃபைல்களோடு மல்லுக்கட்டும் அச்சகத்துக்காரர்கள், ஒரு கணினிக்குள் இன்னொரு இயங்குதளம் ஓட்டிப் படிக்கும் மாணவர்கள் 32ஐ யோசிக்கலாம். தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத கணினி திரைக்கான நினைவையும் இதே ரேமிலிருந்துதான் எடுக்கிறது. அங்கே 8 ஜிபி என்பது முழு 8 ஜிபி அல்ல.

என் கணினிக்கு எந்த வகை ரேம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டாஸ்க் மனேஜரின் மெமரி பக்கத்திலேயே பாதித் தகவல் இருக்கிறது: இப்போது எவ்வளவு ஜிபி, எந்த வேகம், ரேம் செருகும் எத்தனை ஸ்லொட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது. மீதிக்கு சிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருளைப் பாவியுங்கள். அதில் மெயின்போர்ட் பக்கம் மதர்போர்ட்டின் முழுப் பெயரைக் காட்டும். எஸ்பிடி பக்கம் ஒவ்வொரு ஸ்லொட்டிலும் உள்ள ரேம் கார்டின் தயாரிப்பாளர், மாதிரி எண், வேகம் எல்லாவற்றையும் காட்டும். இரண்டு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கொண்டுபோக வேண்டியது அந்தப் படங்கள்தான்.

வகை விஷயத்தில் விட்டுக்கொடுப்பே இல்லை. ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் கீழே உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லொட்டில் மற்றது இறங்காது. டிடிஆர்3க்கு 240 கால்கள், மின்னழுத்தம் 1.5 வோல்ட். டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் 288 கால்கள், ஆனால் மின்னழுத்தம் முறையே 1.2, 1.1 வோல்ட். இறங்க மறுக்கும் கார்டைப் பலவந்தமாக அழுத்தாதீர்கள். ஸ்லொட் உடைந்தால் மதர்போர்ட்டே போய்விடும்.

புரொசஸரை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். இன்டெல் 2ஆம், 3ஆம், 4ஆம் தலைமுறைகள் டிடிஆர்3. 6ஆம் தலைமுறையிலிருந்து 11 வரை பெரும்பாலும் டிடிஆர்4. 12, 13, 14ஆம் தலைமுறைகளில்தான் சிக்கல்: அந்தப் புரொசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும், ஆனால் உங்கள் மதர்போர்ட்டில் இரண்டில் ஒன்றுக்கான ஸ்லொட்தான் இருக்கும். "ஐ5 12ஆம் தலைமுறை" என்று மட்டும் சொல்லி ரேம் வாங்கினால் தவறான வகை வந்துவிட வாய்ப்பு அதிகம். ஏஎம்டியில் ஏஎம்4 ஸொக்கெட் என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5. அங்கே குழப்பமே இல்லை.

அளவுக்கும் எல்லை உண்டு. எச்61, எச்81 சிப்செட் (மதர்போர்ட்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள பலகைகளில் இரண்டே ஸ்லொட், மொத்தம் 16 ஜிபி. அவை 8 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கார்டை ஏற்காது. இப்போது 4 ஜிபி கார்ட் இரண்டு போட்டிருக்கிறீர்கள் என்றால், கூட்டுவதற்கு இடமில்லை, மாற்றத்தான் முடியும். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

அலுவலகங்களில் பாவித்து விற்கப்படும் டெல், எச்பி டெஸ்க்டொப் ஒன்று வாங்கினேன். அதற்கும் இதே விதியா?

இதே விதிதான், இரண்டு எச்சரிக்கையோடு. ஒன்று, புத்தகமளவில் இருக்கும் மிகச் சிறிய பெட்டிகள். டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி மூன்றும் லெப்டொப்புக்குரிய குட்டைக் கார்டையே கேட்கும். பெரிய கார்ட் வாங்கிவந்தால் சரிவராது. மற்றது, இவற்றின் பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும், மதர்போர்ட்டின் அடிப்படை மென்பொருள்) ரேமின் வேகத்தைக் கூட்டும் வசதி பொதுவாக இருக்காது. அதிக வேகக் கார்டுக்கு மேலதிகக் காசு கொடுப்பதில் பயனில்லை.

இன்னொன்றும் யோசியுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. 3ஆம், 4ஆம் தலைமுறை இயந்திரத்துக்கு பாவித்த டிடிஆர்3 கார்ட் ஒன்றை மலிவாகப் போட்டு லினக்ஸில் ஓட்டுவது நல்ல யோசனை. அதற்கு மேல் அந்தப் பெட்டியில் காசு கொட்ட வேண்டாம்.

என்னிடம் 8 ஜிபி கார்ட் ஒன்று இருக்கிறது. வேறு பிராண்டில் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சேர்க்கலாமா? கடையில் ஒருவர் "ஒரே பிராண்டாக இருந்தால்தான் ஓடும்" என்றார்.

சேர்க்கலாம். பெரும்பாலும் ஓடும். பிராண்ட் என்பது மேலே ஒட்டிய லேபல். கிங்ஸ்டன், கோர்செயார், ஜிஸ்கில், அடேட்டா எதுவானாலும் உள்ளேயிருக்கும் சிப்களை செய்பவர்கள் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் மூவர்தான். ஒரே பிராண்டில் ஒரே மாதிரி எண்ணில் வாங்கிய இரண்டு கார்டுகளில், வெவ்வேறு காலத்தில் செய்யப்பட்டவை என்றால், உள்ளே வெவ்வேறு சிப் இருக்கலாம். ஒரே பெயர் என்பது ஒரே பொருள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேறு பெயர் என்பது சேராது என்பதற்குச் சான்றும் இல்லை.

எவை பொருந்த வேண்டும் என்பதை முக்கியத்துவ வரிசையில் சொல்கிறேன். முதலாவது வகை, அதாவது டிடிஆர் எண். இது பொருந்தாவிட்டால் பேச்சே இல்லை. இரண்டாவது, சாதாரண டெஸ்க்டொப் கார்டா, சர்வர் கார்டா என்பது. இதைப் பிறகு தனியாகப் பார்ப்போம். மூன்றாவது மின்னழுத்தம். டிடிஆர்3இல் 1.5 வோல்ட் கார்டும் உண்டு, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் கார்டும் உண்டு. டிடிஆர்3எல் கார்ட் 1.5 வோல்ட் பலகையில் ஓடும். 6ஆம் தலைமுறைக்கான டிடிஆர்3எல் பலகையில் 1.5 வோல்ட் கார்டைப் போடக்கூடாது. நான்காவது கொள்ளளவு: 8க்கு 8 என்று சமமாக இருந்தால் இரட்டைச் சனல் (இரண்டு கார்டும் தனித்தனிப் பாதையில் ஒன்றாகத் தரவு கடத்துவது) முழுமையாகக் கிடைக்கும். வேகமும் சிஎல் எண்ணும் (கேட்ட தரவைத் தர எடுக்கும் தாமதத்தின் அளவு) இவற்றுக்குப் பிறகுதான். அவை வேறுபட்டாலும் கணினி ஓடும், ஏனென்றால் ஒவ்வொரு கார்டிலும் அதன் அளவுகளை எழுதிவைத்த சிறு சிப் ஒன்று இருக்கிறது. பயோஸ் இரண்டையும் வாசித்து, மெதுவான கார்டின் வேகத்துக்கு இரண்டையும் இறக்கிவிடும். 2666 ஒன்று, 3200 ஒன்று என்றால் இரண்டும் 2666இல் ஓடும்.

பிறகு எதற்கு இரண்டு கார்டை ஒரே பெட்டியில் சோடியாக விற்கிறார்கள்? அந்தச் சோடி அதன் உச்ச வேகத்தில் சேர்ந்து ஓடுகிறதா என்று தொழிற்சாலையிலேயே பார்த்து அனுப்பப்படுகிறது. கலப்புச் சோடி சிக்கல் தருவது பெரும்பாலும் அந்த உச்ச வேகத்தில்தான். இரண்டு வேறு கார்டைப் போட்டு எக்ஸ்எம்பியை (கார்டை அதன் அறிவித்த உச்ச வேகத்தில் ஓட்டும் பயோஸ் வசதி) இயக்கினால், சில வேளை கணினி திறக்காது. அல்லது திறந்து, மூன்றாம் நாள் நீலத்திரை காட்டும். எக்ஸ்எம்பி இல்லாமல் சாதாரண வேகத்தில் ஓட்டுபவருக்கு இந்தத் தலைவலி குறைவு. ஆகவே என் கருத்து இது: அலுவலக, படிப்புக் கணினிக்கு ஏற்கெனவே இருக்கும் கார்டோடு அதே கொள்ளளவு, அதே வேகம் உள்ள இன்னொன்றைச் சேருங்கள், பிராண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கேம் விளையாடவோ வீடியோ எடிட் செய்யவோ புதிதாகக் கட்டும் கணினிக்கு, முதல் நாளே சோடியாக வாங்குங்கள். "இப்போது ஒன்று, அடுத்த போனஸுக்கு இன்னொன்று" என்று நினைத்தால், அடுத்த போனஸ் வரும்போது அதே கார்ட் சந்தையில் இருக்காது.

கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விஷயமும் உண்டு. டிடிஆர்4 8 ஜிபி கார்டுகளில் சிலவற்றில் எட்டுக் கறுப்புச் சிப்கள் இருக்கும், சிலவற்றில் நான்கு மட்டுமே. நான்கு சிப் கார்டின் லேபலில் பொதுவாக 1ஆர்எக்ஸ்16 என்று இருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடும், ஆனால் நான்கு சிப் கார்ட் கொஞ்சம் மெதுவானது. ஒரே விலைக்கு இரண்டும் மேசையில் இருந்தால் எட்டுச் சிப் உள்ளதை எடுங்கள்.

4 ஜிபி ஒன்று, 8 ஜிபி ஒன்று சேர்த்தால்?

ஓடும். இன்டெல் பலகைகளில் 4 ஜிபி கார்டின் முழுப் பகுதியும் 8 ஜிபி கார்டின் முதல் 4 ஜிபியும் இரட்டைச் சனலாக ஓடும். மிஞ்சும் 4 ஜிபி ஒற்றைச் சனலாக ஓடும். மொத்தம் 12 ஜிபி, அதில் முக்கால்வாசிக்கு மேல் இல்லாவிட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு முழு வேகம். சோடி பொருந்தவில்லையே என்று நல்ல 4 ஜிபி கார்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட வேண்டியதில்லை.

இரட்டைச் சனல் என்கிறீர்களே, அதில் அப்படி என்ன இலாபம்?

ரேமுக்கும் புரொசஸருக்கும் இடையில் இரண்டு தனிப் பாதைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். ஒரே கார்ட் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். டிடிஆர்4 3200 கார்ட் ஒன்று செக்கனுக்கு 25.6 ஜிகாபைட் வரை கடத்தும்; இரண்டு பாதையிலும் சேர்ந்தால் 51.2. வேர்டில் கடிதம் அடிப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் கேம் விளையாடும் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் திரைக்கான வேலையும் இதே பாதையில்தான் போகிறது. கிராஃபிக்ஸை உள்ளேயே கொண்ட ஏஎம்டி ரைசன் ஜி வகைப் புரொசஸர் வைத்திருப்பவர்கள் ஒரு 16க்குப் பதிலாக இரண்டு 8 போடுவதுதான் சரி.

நான்கு ஸ்லொட் இருக்கிறது. இரண்டு கார்டை எதிலே போடுவது?

புரொசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும். பெரும்பாலான பலகைகளில் இவை ஏ2, பி2 என்று அச்சிடப்பட்டிருக்கும். அருகருகே முதல் இரண்டில் போட்டால் இரண்டும் ஒரே பாதையில் விழுந்துவிடும். ஸ்லொட்டின் நிறத்தை நம்பாதீர்கள். நிறம் தீட்டும் முறை பலகைக்குப் பலகை மாறும். மதர்போர்ட் கையேட்டில் ஒரு படம் இருக்கும், அதுதான் முடிவு.

3200 என்று சொல்லி வாங்கினேன். கணினி 2400 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அநேகமாக இல்லை. கார்டில் எழுதியிருப்பது அது எட்டக்கூடிய வேகம். பயோஸ் பாதுகாப்பான குறைந்த வேகத்தில் தொடங்கும். பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை இயக்கினால் அறிவித்த வேகம் வரும். ஏஎம்டியின் புதிய பலகைகளில் இதற்கு எக்ஸ்போ என்று பெயர்.

இயக்கியும் ஏறாவிட்டால் எல்லை புரொசஸரிலோ சிப்செட்டிலோ இருக்கிறது. எச்410 பலகையும் 10ஆம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5உம் இருந்தால் 2666தான் உச்சம். 3200 கார்ட் போட்டாலும் அதற்கு மேல் போகாது. கார்ட் வீணல்ல, அடுத்த கணினிக்கு உதவும். ஆனால் அந்த வேகத்துக்காக மேலதிகக் காசு கொடுத்திருந்தால் அது வீண்.

சிபியு-ஸெட்டில் 1600 என்று பார்த்துப் பதறி எழுதுபவர்களும் உண்டு. அது துடிப்பு எண்ணிக்கை. ஒரு துடிப்புக்கு இரண்டு தரம் தரவு போகிறது. 1600 என்று காட்டினால் 3200 சரியாக ஓடுகிறது.

சிஎல் 16, சிஎல் 22 என்கிறார்கள். எது நல்லது?

ஒரே வேகத்தில் சிறிய எண் நல்லது. வேகம் வேறு என்றால் சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி, வேகத்தால் வகுங்கள், வருவது நனோசெக்கன். 3200 சிஎல் 16க்கு 10. 3200 சிஎல் 22க்கு 13.75. டிடிஆர்5 6000 சிஎல் 30க்கும் 10தான். சாதாரண வேலைக்கு இந்த வித்தியாசத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

சர்வர் ரேம் அரைவிலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். சர்வர் கார்டுகளில் ரெஜிஸ்டர் எனும் இடைச் சிப் உண்டு. டிடிஆர்3, டிடிஆர்4 என்றால் சாதாரண டெஸ்க்டொப் பலகையின் ஸ்லொட்டில் அது இறங்கும், ஆனால் கணினி திறக்காது. லேபலைப் பாருங்கள்: பிசி3-12800 போன்ற எண்ணுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து யு இருந்தால் டெஸ்க்டொப்புக்குரியது. ஆர் இருந்தால் சர்வருக்குரியது. ஈ என்றால் பிழை திருத்தும் வகை; உங்கள் பலகையின் கையேடு அதை ஏற்பதாகச் சொன்னால் மட்டும் எடுங்கள்.

டிடிஆர்3இல் இன்னொரு பொறி இருக்கிறது. "ஏஎம்டிக்கு மட்டும்" என்று மிக மலிவாக வரும் 8 ஜிபி கார்டுகள். இவற்றில் உள்ள சிப் அமைப்பை இன்டெலின் டெஸ்க்டொப் புரொசஸர்கள் புரிந்துகொள்வதில்லை. பழைய ஏஎம்3 கணினி வைத்திருப்பவர் வாங்கலாம். இன்டெல் வைத்திருப்பவருக்கு விலை எவ்வளவு குறைந்தாலும் நட்டம்.

கொழும்பில் எங்கே வாங்குவது? எதைக் கவனிக்க வேண்டும்?

பம்பலப்பிட்டியில் காலி வீதியில் உள்ள யுனிட்டி பிளாசாதான் இன்னும் வசதி. ஒரே கட்டடத்தில் பல கடைகள் இருப்பதால் விலையை ஒப்பிட்டு வாங்கலாம். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலும் கிடைக்கும். அங்கே போகும்போது பொருளை நீங்களே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரோன் நிறுவனம் தன் குருஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே உள்ளூர் வியாபாரி மட்டும் விலை ஏற்றுகிறார் என்று கோபப்பட வேண்டாம். இந்த நேரத்தில் பாவித்த கார்ட் வாங்குவது வெட்கமில்லை, புத்திசாலித்தனம். ரேமில் அசையும் பாகம் எதுவுமில்லை, ஹார்ட் டிஸ்க் போலத் தேய்வதில்லை. நன்றாக ஓடிய கார்ட் இன்னும் பல வருடம் ஓடும்.

பாவித்ததை வாங்கும்போது தங்க நிறக் கால்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரும்புள்ளி, பச்சைப் படிவு, கீறல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இருந்த கணினிகளில் உப்புக்காற்று இந்த வேலையைச் செய்துவிடும். முடிந்தால் கேசிங்கையே கடைக்குக் கொண்டுபோய் அங்கேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "அண்ணா, ஒருக்கால் போட்டுக் காட்டுங்கோ" என்றால் மறுக்கும் கடைக்காரர் குறைவு. மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பில்லைக் கட்டாயம் வாங்குங்கள். அதில் கார்டின் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்பக்கத்துச் சிறிய எழுத்தையும் வாசியுங்கள்: ஒரு வருட உத்தரவாதத்தை 350 நாளாக எண்ணும் கடைகள் உண்டு. எரிந்த அடையாளம், துரு, உடைவு மூன்றுக்கும் உத்தரவாதம் கிடைக்காது. கடை ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்தாலும் அப்படித்தான். பில் இருந்தும் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

நானே போடலாமா? பயமாக இருக்கிறது.

தாராளமாகப் போடலாம். ஒரு கணினிக்குள் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிட எளியது இல்லை. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் முழுமையாக நிற்கும். சுவரில் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கணினியின் பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள். கேசிங்கின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு தரம் தொடுங்கள். ஏசி அறையில் கம்பளத்தின் மேல் நின்று செய்ய வேண்டாம். காற்று உலரும்போது உடலில் நிலைமின்சாரம் சேரும்.

ஸ்லொட்டின் பிடியைத் திறந்து, வெட்டைப் பொருத்தி, கார்டின் இரண்டு முனையையும் பெருவிரல்களால் சமமாக அழுத்துங்கள். பிடி தானாக வந்து "டக்" என்று பூட்டும். சில பலகைகளில் ஒரு பக்கம் மட்டுமே பிடி இருக்கும். புதியவர்கள் விடும் தவறு மெதுவாக அழுத்தி நிறுத்துவது. கார்ட் பார்வைக்கு உட்கார்ந்தது போலவே இருக்கும், ஆனால் ஒரு முனை மேலே நிற்கும்.

போட்ட பிறகு திரையில் ஒன்றும் வரவில்லை. பீப் பீப் என்று சத்தம் மட்டும் வருகிறது.

கார்ட் சரியாக உட்காரவில்லை என்பதே முதல் சந்தேகம். பிளக்கைக் கழற்றி, கார்டைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். வராவிட்டால் புதியதை மட்டும், பிறகு பழையதை மட்டும், ஒவ்வொரு ஸ்லொட்டிலும் போட்டுப் பாருங்கள். தனியாக ஓடி, சேர்த்தால் ஓடாவிட்டால் பொருத்தப் பிரச்சினை. எந்த ஸ்லொட்டிலும் ஓடாவிட்டால் கார்டில் பிழை. ஒரு ஸ்லொட்டில் எந்தக் கார்டும் ஓடாவிட்டால் பலகையில் பிழை. இந்தப் பரிசோதனையை முடித்துக்கொண்டு கடைக்குப் போனால் யாரும் உங்களை அலைக்கழிக்க முடியாது.

பழைய கார்டின் கால்களை அழிரப்பரால் தேய்ப்பது நம் கடைகளின் வழக்கம். மெல்லத் தேய்த்து, துகளைப் பிரஷால் முற்றாகத் தட்டினால் பாதகமில்லை. ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைப்பது அதைவிட நல்லது.

புதிய டிடிஆர்5 கணினியில் திரை வராவிட்டால் உடனே பதறாதீர்கள். ரேம் மாற்றிய முதல் தடவை அது கார்டைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். இடையில் நிறுத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

டிடிஆர்5 கணினியில் நான்கு கார்ட் போடலாமா?

போடலாம், வேகம் விழும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அளவு இரண்டு கார்டுக்கு 5200, நான்கு கார்டுக்கு 3600. இரண்டு பெரிய கார்டாக வாங்குங்கள். டிடிஆர்5இல் 24, 48 ஜிபி கார்டுகளும் உண்டு.

16 ஜிபி போட்டும் விண்டோஸ் 3 ஜிபி சொச்சம்தான் பாவிக்கலாம் என்கிறது.

உங்கள் விண்டோஸ் 32 பிட். அதன் எல்லை 4 ஜிபி. 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும், ஃபைல்களைப் பிரதி எடுத்த பிறகு. 64 பிட் இருந்தும் பாதிதான் காட்டுகிறது என்றால் ஒரு கார்ட் சரியாக உட்காரவில்லை.

எல்லாம் ஓடுகிறது. இனிச் சோதிக்கத் தேவையா?

கட்டாயம் தேவை, அதுவும் கடை மாற்றித் தரும் காலத்துக்குள். பிழையுள்ள ரேம் உடனே காட்டிக்கொடுக்காது. சேமித்த ஃபைலில் ஒரு பிட்டை மாற்றி எழுதும், உங்களுக்குத் தெரியவே வராது. விண்டோஸுடன் வரும் மெமரி டயக்னொஸ்டிக் ஒரு மேலோட்டமான சோதனை. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைத் திறந்து, இரவு முழுக்க ஓட விடுங்கள். யுபிஎஸ் இருந்தால் அதோடு இணையுங்கள். கரண்ட் போனால் சோதனை முதலிலிருந்து தொடங்கும். காலையில் பிழை எண்ணிக்கை பூச்சியமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் ஏற்காதீர்கள். எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டு ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். அப்போது பூச்சியம் வந்தால் கார்டுகள் அந்த வேகத்தில் ஒத்துப்போகவில்லை, வேகத்தைக் குறைத்துப் பாவிக்கலாம். அப்போதும் பிழை வந்தால் திரையைப் படமெடுத்து, பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

கழற்றிய பழைய கார்டை என்ன செய்வது?

புதியதன் உத்தரவாதம் முடியும்வரை வைத்திருங்கள். புதிய கார்டைத் திருத்தத்துக்குக் கொடுத்தால் கணினி சும்மா நிற்காது. விற்பதென்றால், அதே சோதனையை ஓட்டிய பிறகு விற்றுவிடுங்கள்.